கடைமடைக்கும் அப்பால்

(காவிரிப் பாசனப் பகுதியின் கடலோர ஒன்றியம் ஒன்றில், பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் பேச வருகிறார் என்றால் சாலையைப் பற்றியோ, குடிநீர்த் தொட்டியைப் பற்றியோ, வீடு கட்டும் திட்டத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் கடலில் இறங்கித் தொழில் செய்பவர்கள் அல்லர். ஆயினும் நம் வயலுக்கும் மேட்டூருக்கும் எத்தகைய உறவு உண்டோ, அத்தகைய உறவு நம் வயலுக்கும் கடலுக்கும் உண்டு. மேட்டூரிலிருந்து நமக்கு வரும் நீரை நாள் எண்ணிக் காத்திருக்கிறோம். நம் வயலிலிருந்து வெளியேறும் நீர் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடைமடை என்ற சொல்லின் பொருளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலைமடைக்காரர் எடுத்தது போக எஞ்சியதே கடைமடைக்காரருக்கு. நீர் குறைந்த ஆண்டில் முதலில் காய்வது கடைமடை வயல். வெள்ளம் வந்த ஆண்டில் முதலில் மூழ்குவதும் அதே வயல். மேலே இருப்பவர்கள் நம்மை நினைப்பதில்லை என்ற மனக்குறை நம் பகுதியில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால், நமக்கும் கீழே ஒரு கடைமடை இருக்கிறது. கழிமுகமும் காயலும் கடலுமே அந்தக் கடைமடை. அங்கே வலை வீசிப் பிழைக்கும் மக்களுக்கு நாம் தலைமடைக்காரர்கள்.

திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டைக் காயலை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு முதலிய ஆறுகள் வயல்களின் வடிநீரையும் சேர்த்துக்கொண்டு அங்கே போய் விழுகின்றன. அந்தக் காயலையும் அதைச் சூழ்ந்த அலையாத்திக் காட்டையும் தாண்டித்தான் அந்த நீர் பாக் நீரிணையை அடைகிறது. காயல் ஆழமில்லாதது. இறாலும் நண்டும் மீன் குஞ்சுகளும் அங்கேதான் வளர்கின்றன. நாம் அனுப்புவது நல்லதாயினும் கெட்டதாயினும் முதலில் போய்ச் சேருமிடம் அதுவே.

அலுவலக வாசலில் இரண்டு கூடை மீன்

நான் முன்பு பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பாப் பயிருக்கு மேலுரம் இட்ட மூன்றாம் நாள் கனமழை பிடித்துக்கொண்டது. பயிர் மூழ்கும் நிலை. விவசாயிகள் இரவோடு இரவாக வரப்புகளை வெட்டி நீரை வடித்தார்கள். வடிகாலின் கடைசி மதகையும் திறந்துவிட்டார்கள். மழை நின்று வெயில் காய்ந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் சென்றபின், காற்று அசையாத ஒரு விடியற்காலையில், கழிமுகத்து ஓடையில் மீன்கள் வாய் பிளந்து மிதந்தன.

மீனவர்கள் இரண்டு கூடை மீனைக் கொண்டுவந்து என் அலுவலக வாசலில் இறக்கினார்கள். "ஐயா, இவை வலையில் அகப்பட்ட மீன்கள் அல்ல. தாமாகச் செத்தவை. இதை விற்கவும் முடியாது, தின்னவும் முடியாது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்கள். செய்தி அறிந்து வந்த விவசாயிகளோ, "வெள்ளத்தை வடிக்காமல் பயிரை அழுகவிடச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்கள். இரு கேள்விகளும் நியாயமானவையே.

என்னால் அன்று தீர்ப்புக் கூற முடியவில்லை. உப்புநீரில் திடீரென்று நன்னீர் பெருகினாலும் மீன் சாகும். ஊர்ச் சாக்கடை கலந்தாலும் சாகும். உரநீர் கலந்து பாசி பெருகி அழுகினாலும் சாகும். மீன் மிதந்த அந்த வேளையில் நீரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆதலால், குற்றம் யாருடையது என்ற வழக்கு வாய்ச்சண்டையாகவே முடிந்தது. அந்த இரண்டு கூடை மீன்தான் இந்த விஷயத்தை நான் தேடிப் படிக்கக் காரணமாயிற்று. படித்தறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

உரம் கடலில் என்ன செய்கிறது?

கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் உண்டு. அவையும் பயிரே. நெல்லுக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் அவற்றுக்கும் வேண்டும். கடலில் இச்சத்துகள் இயற்கையாகவே குறைவு. ஆதலால் பாசியும் அளவோடு இருக்கிறது. வடிநீரோடு சத்து வந்து சேர்ந்தால் பாசி ஒரேயடியாகப் பெருகுகிறது. நீர் பச்சையாகவோ செம்மையாகவோ நிறம் மாறுகிறது. சில நாட்களில் அந்தப் பாசி செத்து அடியில் விழுந்து அழுகுகிறது. அழுகும்போது நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. உயிரோடிருக்கும் பாசியும் இரவில் பிராணவாயுவையே சுவாசிக்கிறது. அதனால்தான் மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் சாகின்றன.

ஒரு கணக்குப் பாருங்கள். நம் பகுதியின் வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்கும். அது 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் தங்க மாட்டா. ஒரு கிலோ தழைச்சத்து முழுவதும் பாசியாக மாறி, அந்தப் பாசி முழுவதும் அழுகினால், அதற்கு ஏறத்தாழ 20 கிலோ பிராணவாயு செலவாகும். அதாவது 30 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீரிலுள்ள பிராணவாயு முழுவதும் தீர்ந்துவிடும். ஒரு மீட்டர் ஆழமுள்ள காயலில் இது முக்கால் ஏக்கர் பரப்பு! காற்றிலிருந்தும் அலையிலிருந்தும் பிராணவாயு மீண்டும் கலந்துகொண்டே இருப்பதால், நடைமுறையில் அழிவு இவ்வளவு இராது. ஆனால் காற்றும் அலையும் அடங்கிய நாளில் இந்தக் கணக்குப் பலித்துவிடுகிறது.

இனி நம் வயலுக்கு வருவோம். 45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து ஏறத்தாழ 20 கிலோ 700 கிராம். நெற்பயிர் தான் பெறும் தழைச்சத்து உரத்தில் பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரையே எடுத்துக்கொள்கிறது என்று வேளாண் விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். மீதமெல்லாம் கடலுக்குப் போகிறது என்று எண்ண வேண்டாம். ஒரு பங்கு வாயுவாகக் காற்றில் கலக்கிறது. ஒரு பங்கு மண்ணில் தங்குகிறது. ஒரு பங்கு நீரோடு வெளியேறுகிறது. வெளியேறுவது ஏக்கருக்கு 2 கிலோ மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டில் அது 2,000 கிலோ. ஏறத்தாழ 97 மூட்டை யூரியா. காசு கொடுத்து வாங்கிய 97 மூட்டைகளை வண்டியிலேற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுங்கள் என்று சொன்னால் உங்களில் யார் சம்மதிப்பீர்கள்?

மணிச்சத்தின் போக்கு வேறு. அது மண்ணைப் பற்றிக்கொள்வது. வரப்பு உடைந்து கலங்கல் நீர் ஓடும்போது மண்ணோடு போகிறது. கழிமுகத்துச் சேற்றில் படிகிறது. அடியில் பிராணவாயு தீர்ந்துபோனால் சேறு தான் பிடித்து வைத்த மணிச்சத்தை மீண்டும் நீரில் விடுகிறது. அது அடுத்த பாசிக்கு உணவாகிறது.

விவசாயியை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. மனிதன் ஒருவனின் கழிவிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிலோ வரை தழைச்சத்து வெளியேறுகிறது. கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யும் லாரி இருட்டில் வடிகாலில் கொட்டிவிட்டுப் போனால், அதுவும் கடலுக்கு இட்ட உரமே. இறால் பண்ணைகளில் தீவனத்தில் உள்ள தழைச்சத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே இறாலின் உடலில் சேர்கிறது. எஞ்சியது குளத்து நீரிலும் சேற்றிலும் நிற்கிறது. குளத்தைத் திறந்துவிடும் நாளில் அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய பாசிப் பெருக்கை நம் கடலிலேயே கண்டிருக்கிறோம். 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பாம்பன், மண்டபம் கரையோரம் கடல் பச்சையாயிற்று. நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகியதே காரணம். மீன்கள் இறந்து கரை ஒதுங்கின. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளும் சேதமுற்றன. இத்தகைய பெருக்குக்கு நிலத்திலிருந்து வரும் சத்து ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. வெப்பமும் காற்றும் நீரோட்டமும் சேர்ந்தே காரணம். ஆனால் இவற்றுள் மனிதன் கைவைத்துக் குறைக்கக்கூடியது நிலத்திலிருந்து போகும் சத்து ஒன்றுதான். அமெரிக்காவில் மிஸ்ஸிஸிப்பி ஆறு பல நூறு மைல் தூரத்து விளைநிலங்களின் உரத்தைச் சுமந்துவந்து மெக்ஸிகோ வளைகுடாவில் சேர்க்கிறது. அங்கே கோடைதோறும் அடிநீரில் பிராணவாயு அற்றுப்போகிறது. 2017-ஆம் ஆண்டில் அவ்வாறு அற்றுப்போன பரப்பு ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்.

அழியாத விருந்தாளி

இனி இரண்டாவது கேட்டுக்கு வருகிறேன். அது கன உலோகங்கள்: ஈயம், பாதரசம், காட்மியம், குரோமியம், செம்பு, துத்தநாகம் முதலியவை. இவற்றுள் துத்தநாகமும் செம்பும் சிறிதளவு பயிருக்கே தேவை; நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் இடுகிறோம் அல்லவா? அளவு மிஞ்சினால் அவையும் நஞ்சே. ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் காட்மியத்துக்கும் மனித உடலில் எந்த வேலையும் இல்லை.

சத்துக்கும் உலோகத்துக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். தழைச்சத்தைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் காலப்போக்கில் தீங்கற்ற வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. உலோகத்தை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்ப்பதில்லை. எரித்தால் சாம்பலிலும் புகையிலும் இருக்கும். புதைத்தால் மண்ணில் இருக்கும். கரைத்தால் நீரில் இருக்கும். இடம் மாறுமேயன்றி இல்லாமற் போகாது.

இவை எங்கிருந்து வருகின்றன? தோல் பதனிடும் தொழிலிலிருந்து குரோமியம், முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து பலவகை உலோகங்கள், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம், உடைந்த குழல் விளக்கிலிருந்து பாதரசம், அனல் மின் நிலையத்துச் சாம்பலிலிருந்து ஆர்சனிக் முதலியன, படகின் அடிப்பாகத்தில் பூசும் வண்ணத்திலிருந்து செம்பு. நம் வயலிலிருந்தும் சிறிது போகிறது. பாறையிலிருந்து எடுக்கும் மணிச்சத்து உரங்களில் காட்மியம் இயற்கையாகவே சிறிதளவு கலந்திருக்கும். செம்பு கலந்த பூஞ்சாணக் கொல்லிகளும் இருக்கின்றன.

உலோகம் ஆற்றுநீரில் தனியாக மிதந்து வருவது குறைவு. நுண்ணிய களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நன்னீர் உப்புநீரைச் சந்திக்கும் இடத்தில் அத்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, கனத்து, அடியில் படிகின்றன. அதாவது, உலோகம் நடுக்கடலுக்குப் போவதற்கு முன்பே, மீன் குஞ்சுகள் வளரும் கழிமுகத்திலேயே பெரும்பகுதி தங்கிவிடுகிறது. அலையாத்திக் காட்டின் கரிய சேற்றில் முட்டை அழுகிய நாற்றம் வீசுவதை அறிவீர்கள். அந்த நாற்றத்துக்குக் காரணமான கந்தகம் உலோகங்களைப் பற்றிப் பூட்டி வைக்கிறது. அவ்வகையில் அந்தக் காடு நமக்குக் காவல். ஆனால் சேற்றைக் கிளறிக் காற்றுப் படச் செய்தால் பூட்டுத் திறந்துகொள்ளும். உலோகம் மீண்டும் நீரில் இறங்கும்.

இதிலிருந்து இரண்டு செய்திகளை அறிய வேண்டும். நீர் தெளிவாக இருக்கிறது என்பதால் கழிமுகம் சுத்தமாக இருக்கிறது என்று பொருளல்ல. நீரைச் சோதிப்பதோடு சேற்றையும் சோதிக்க வேண்டும். அடுத்து, தொழிற்சாலைக் கழிவு கலந்து ஓடிய வாய்க்காலைத் தூர்வாரினால், அந்த மண்ணைச் சோதிக்காமல் வயலில் பரப்பக் கூடாது. தூர்வாருதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நம் பயிர் மூழ்கும். எடுத்த மண்ணை எங்கே போடுகிறோம் என்பதுதான் கேள்வி. சேற்றில் வாழும் சிப்பியும் நண்டும் அந்த உலோகத்தைத் தம் உடலில் சேர்த்து வைக்கின்றன. அவற்றை உண்ணும் மீனுக்கும், மீனை உண்ணும் மனிதனுக்கும் அது வந்து சேருகிறது.

மினமாட்டா தரும் பாடம்

ஜப்பான் தேசத்தில் மினமாட்டா என்ற ஊரில் சிஸ்ஸோ என்னும் ரசாயனத் தொழிற்சாலை, 1932-ஆம் ஆண்டு முதல் பாதரசம் கலந்த கழிவை விரிகுடாவில் விட்டுவந்தது. சேற்றிலும் மீனிலும் பாதரசம் ஏறியது. மீன் தின்ற பூனைகள் முதலில் துடிதுடித்து விழுந்தன. 1956-ஆம் ஆண்டு மே மாதத்தில் மனிதருக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாகத் தெரிவிக்கப்பட்டது. கை கால் நடுக்கம், பார்வைக் குறைவு, பேச்சுக் குழறல். தாய்க்கு நோயின் அறிகுறி அதிகம் இல்லாதபோதும் வயிற்றிலிருந்த குழந்தை ஊனத்தோடு பிறந்தது. 2,000-க்கும் மேற்பட்டோர் அந்நோயால் பாதிக்கப்பட்டவர்கள் என்று அரசாங்கமே சான்றளித்திருக்கிறது.

1968-ஆம் ஆண்டில் கழிவு நின்றது. கழிவு நின்றதும் கடல் சரியாகிவிட்டதா? இல்லை. 1977 முதல் 1990 வரை அடிச்சேற்றைத் தோண்டி எடுத்து, விரிகுடாவின் ஒரு பகுதியையே அடைத்து, அதற்குள் புதைத்தார்கள். அவ்வாறு அடைபட்டு நிலமான பரப்பு 58 ஹெக்டேர், 143 ஏக்கர். அந்த விரிகுடாவின் மீன் பாதுகாப்பானது என்று 1997-ஆம் ஆண்டில்தான் அறிவித்தார்கள். கழிவு நின்ற பின்னும் 29 ஆண்டுகள்! ஒரு தலைமுறை மீனவர்களின் வாழ்நாள் அதில் கழிந்தது.

நம் மாநிலத்தில் பாலாற்றங்கரையை எண்ணிப் பாருங்கள். தோல் பதனிடும் கழிவால் அங்கே கிணறுகளும் நிலங்களும் பாழாயின. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாழ்படுத்தியவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அத்தீர்ப்பு தேசம் முழுவதற்கும் வழிகாட்டி. ஆயினும் தீர்ப்பு வந்த மறுநாளே மண் நல்லதாகிவிடவில்லை. தீர்ப்புக்கு மண்ணைக் கழுவும் சக்தி கிடையாது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. கருங்கடலின் வடமேற்குப் பகுதியில் தன்யூப் முதலிய ஆறுகள் கொண்டுவந்த உரச் சத்தால், 1970-களிலும் 1980-களிலும் பிராணவாயு அற்று மீனினம் நலிந்தது. 1991-க்குப் பின் சோவியத் ஒன்றியமும் அதைச் சார்ந்த நாடுகளின் பொருளாதாரமும் சிதைந்து, உரப் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. சில ஆண்டுகளுக்குள் பிராணவாயு அற்ற பரப்பு சுருங்கியது. அடித்தளத்து உயிரினங்கள் மெல்லத் திரும்பின. எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை என்றாலும், கடல் மூச்சுவிடத் தொடங்கியது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் பஞ்சாயத்துக்கு ஒரு விதி கிடைக்கிறது. உரக் கேடு குறைத்தால் குறையும். நேற்றுத் தவறியதை நாளை திருத்தலாம். உலோகக் கேடு தங்கிவிடும். இன்று தவறினால் நம் பேரனும் திருத்த முடியாது. ஆகவே உரத்தைச் சிக்கனப்படுத்துங்கள். உலோகத்தை வாசலிலேயே தடுத்து நிறுத்துங்கள்.

வாடகை எத்தனை ஆண்டுக்கு?

இந்த விதியைப் படிக்காமலே அறிந்த ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன். ஓர் ஊரில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் பிரிக்கும் பட்டறை வைக்க ஒருவர் இடம் கேட்டார். வடிகால் ஓரத்து நிலம். பஞ்சாயத்துக்கு நல்ல வாடகை தருவதாகவும், இளைஞர் சிலருக்கு வேலை தருவதாகவும் சொன்னார். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டப் பணமில்லாமல் பஞ்சாயத்து தவித்துக்கொண்டிருந்த சமயம் அது. உறுப்பினர்கள் பெரும்பாலும் இசைந்துவிட்டார்கள். அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார்.

"வாடகை எத்தனை ஆண்டுக்கு?" என்று கேட்டார்.

"ஐந்து ஆண்டுக்கு" என்றார்கள்.

"ஈயம் எத்தனை ஆண்டுக்கு?" என்று கேட்டார்.

யாருக்கும் விடை தெரியவில்லை. விண்ணப்பம் தள்ளிவைக்கப்பட்டது, பின்னர் மறுக்கப்பட்டது. அதனால் ஊருக்கு நஷ்டம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை போயிற்று, சுற்றுச்சுவர் எழ மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆனால் சுவர் தாமதமாகக் கட்டப்பட்டாலும் சுவரே. ஈயம் ஏறிய மண்ணில் விளையாடிய குழந்தையின் மூளைக்கு நேரும் ஊறு பின்னர் சரிசெய்யக் கூடியதன்று.

நாம் செய்யக்கூடியவை

முதலில் விவசாயிகளுக்கு. மண்ணைச் சோதித்து, மண்வள அட்டை காட்டும் அளவுக்கு உரமிடுங்கள். மணிச்சத்து ஏற்கெனவே மண்ணில் மிகுந்திருந்தால் வழக்கத்துக்காக மேலும் இட வேண்டாம். தழைச்சத்தை ஒரே முறையில் கொட்டாமல், பயிரின் பருவமறிந்து பிரித்து இடுங்கள்; இலை வண்ண அட்டையை வைத்துப் பயிரின் பசியை அறிந்துகொள்ளலாம். வானிலை அறிவிப்பில் கனமழை வருமென்றால் மேலுரத்தை நிறுத்தி வையுங்கள். மேலுரம் இட்ட பின் குறைந்தது ஒரு வாரம் நீரை வடிக்காமலிருக்க முயலுங்கள். வரப்பைப் பலப்படுத்துங்கள், வடிகால் கரையில் வெட்டிவேர் முதலிய புல்லை விட்டுவையுங்கள். அது மண்ணைப் பிடிக்கும். மண்ணோடு மணிச்சத்தையும் பிடிக்கும். நகரக் குப்பையிலிருந்து செய்த உரம் வாங்கினால் சோதனைச் சான்றைக் கேளுங்கள். அத்தகைய உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மிகக்கூடாது என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை வரையறுத்திருக்கிறது.

அடுத்துப் பஞ்சாயத்துக்கு. உங்கள் ஊரின் வடிகால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வழியில் எந்தெந்தப் பட்டறை, பண்ணை, சாக்கடை அதில் சேருகிறது என்று ஒருமுறை கரையோடு நடந்துபோய் எழுதி வையுங்கள். ஒரு நாள் வேலைதான். ஆனால் அதைச் செய்த பஞ்சாயத்துகள் மிகச் சில. கழிவுநீர் லாரி எங்கே கொட்டுகிறது என்று கண்காணியுங்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு அவற்றைத் தயாரிப்போருடையது என்று 2022-ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. ஆகவே அவற்றை ஊருக்குள் உடைக்கவிடாமல் உரிய வழியில் திருப்பி அனுப்புங்கள். புதிய தொழில் வருகிறது என்றால் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதோடு, கழிவு எங்கே போகும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு உண்டா என்றும் கேளுங்கள். அலையாத்திக் காட்டை வெட்டவும் அதன் சேற்றைக் கிளறவும் இடங்கொடாதீர்கள்.

மீன் செத்து மிதந்தால், அந்த விடியற்காலையிலேயே மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் செய்தி அனுப்புங்கள். நீரின் பிராணவாயுவை அந்த இடத்திலேயே, அந்த வேளையிலேயே அளக்க வேண்டும். வெயில் ஏறினால் சாட்சி மறைந்துவிடும். சுத்தமான புட்டியில் நீரும் சேறும் எடுத்து, நாளும் நேரமும் இடமும் எழுதி வையுங்கள். உலக நீர் நாளான மார்ச் 22-லும் நம் மாநிலத்தில் கிராம சபை கூட்ட ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. வடிகாலைப் பற்றிய கணக்கை மக்கள் முன் வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை.

நான் முதலில் சொன்ன ஒன்றியத்தில் பின்பு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். விவசாயிகளையும் மீனவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க மூன்று முறை முயன்று, மூன்றாம் முறை முடிந்தது. அன்று பேசிய ஒரு முதிய விவசாயி, "மேலேயிருப்பவன் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரைத் திறந்துவிட்டால் நமக்கு எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். அதையே நாம் கீழேயிருப்பவனுக்குச் செய்யலாமா?" என்றார். மதகைத் திறக்குமுன் மீனவர் தெருவுக்குச் சொல்லி அனுப்புவது, மழை அறிவிப்பு இருக்கும்போது மேலுரம் இடுவதில்லை என்ற இரண்டு முடிவுகள் அன்று ஏற்பட்டன. சண்டை அடியோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவரிடம் ஒருவர் சொல்லிவிட்டுச் செய்யும் வழக்கம் வந்தது. அதுவே பெரிய காரியம்.

அன்பர்களே! தலைமடைக்காரர் நமக்குச் செய்ய வேண்டிய நியாயத்தை நாம் உரத்த குரலில் கேட்கிறோம், தொடர்ந்து கேட்போம். நமக்குக் கீழேயிருக்கும் கடைமடைக்கு நாம் செய்ய வேண்டிய நியாயத்தையும் மறவாதிருப்போம். இன்று மாலை வீடு திரும்பும்போது உங்கள் ஊர் வடிகாலின் கரையில் ஒரு நிமிடம் நின்று, அந்த நீர் போகும் திசையைப் பார்த்துவிட்டுப் போங்கள். இதுவே நான் உங்களை வேண்டிக்கொள்வது.